பி.பி.ஏ. படிப்பு: படித்து முடித்தவளின் மதிப்பீடு

தொழில் தொடங்கச் சொல்லித் தருவார்கள் என்று நம்பித்தான் பலரும் பி.பி.ஏ. என்ற வணிக நிர்வாக இளநிலைப் படிப்பில் சேர்கிறார்கள். அங்கே கிடைப்பது வேறு. ஒரு நிறுவனத்துக்குள் என்னென்ன துறைகள் இயங்குகின்றன, ஒரு துறையின் முடிவு இன்னொன்றை எங்கே போய்த் தாக்குகிறது என்று புரியவைக்கிறார்கள். அதை நன்றாகவே செய்கிறார்கள் என்பேன்.

முதலில் எல்லாவற்றிலும் கொஞ்சம் வரும்: பொருளியல், புள்ளியியல், வணிகச் சட்டம், மேலாண்மை. மேலாண்மைத் தாள்தான் எனக்குப் பெரிய ஏமாற்றம். மாஸ்லோ 1943இல் சொன்ன மனிதத் தேவைகளின் படிநிலை, மார்க்கெட்டிங்குக்கு மெக்கார்த்தி தந்த நான்கு 'பி'க்கள் (பொருள், விலை, இடம், விளம்பரம் ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்து), ஒரு துறையின் போட்டியைப் பற்றிப் போர்ட்டர் 1979இல் எழுதிய ஐந்து விசைகள் என்று தலைப்புகளை மனப்பாடம் செய்தாலே மதிப்பெண் விழுந்துவிடுகிறது. நிஜ நிறுவனம் ஒன்றைக் கொடுத்து, 'இதற்குப் பொருத்திக் காட்டு' என்று கேட்கும் ஆசிரியர் அமைந்தால்தான் அந்த வகுப்புக்கு உயிர் வரும்.

கணக்கியலுக்காகவே இந்தப் படிப்பைப் பரிந்துரைப்பேன். இத்தாலியக் கணித அறிஞர் பாச்சியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்டு விளக்கிய இரட்டைப் பதிவு முறைதான் (ஒவ்வொரு பரிவர்த்தனையையும் ஒரு கணக்கில் பற்றாகவும் இன்னொன்றில் வரவாகவும் எழுதுவது) இன்றைய கணக்கு மென்பொருள்களுக்கும் அடித்தளம். பற்றும் வரவும் ஆரம்பத்தில் குழப்பும். விடாமல் போட்டுப் பழக வேண்டும். லாபம் காட்டும் நிறுவனம் சம்பளம் கொடுக்க முடியாமல் தவிப்பது எப்படி? கடனுக்கு விற்றது விற்ற அன்றே வருமானமாகப் பதிவாகிறது, பணமோ மூன்று மாதம் கழித்து வருகிறது. அதுவரை வாடகை காத்திருக்காது. தேய்மானம், அதாவது இயந்திரம் போன்ற சொத்துகளின் விலையை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவாக எழுதுவது, இதற்கு நேர் எதிர்: லாபத்தைக் குறைக்கும், ஆனால் அந்த ஆண்டில் அதற்காகக் கையிலிருந்து காசு எதுவும் போகாது. லாப நட்டக் கணக்கையும் பணப்புழக்க அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்குப் பிடிபட்டது. இன்றும் யாராவது விற்பனைத் தொகையைக் காட்டினால், வசூல் எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறேன்.

குழு வேலைகள் நிறைய உண்டு. சிலர் உழைப்பார்கள், சிலர் பெயர் மட்டும் கொடுப்பார்கள். அலுவலகத்திலும் அப்படித்தான், பழகிக்கொள்ளலாம். எக்செல் மட்டும் வகுப்பில் சொல்லித் தந்தது எனக்குப் போதவில்லை; தனியாக உட்கார்ந்து கற்றேன்.

சேரும் முன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். புள்ளியியல் சராசரியோடு நின்றுவிடுகிறதா, ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறும் என்று கணிக்கும் தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு (ரெக்ரஷன்) வரை போகிறதா? இன்டர்ன்ஷிப் கட்டாயமா? இறுதி ஆண்டில் நிதி, மார்க்கெட்டிங், மனிதவளம் என்று பிரியும்போது, நீங்கள் விரும்பும் பிரிவை நடத்த ஆசிரியர் இருக்கிறாரா என்பதைச் சீனியர்களிடம் விசாரியுங்கள். கையேட்டில் எல்லாப் பிரிவும் அச்சாகியிருக்கும்.