மாணவர் கையிருப்பில் பந்தயத் தடம்: வாடகைக் கார்ட்டா, ஆட்டோகிராஸா, சொந்தக் காரா, சிமுலேட்டரா?

பந்தயத் தடத்தில் வண்டி ஓட்டிப் பழக விரும்பும் மாணவர் முதலில் விசாரிப்பது நுழைவுக் கட்டணத்தைத்தான். ஆனால் இதில் கையைச் சுடுவது பெரும்பாலும் கட்டணம் அன்று. வளைவில் ஒரு முறை கணக்குத் தப்பினால் அதற்குரிய செலவு யார் தலையில் விழும் என்பதே. புதியவர் தவறு செய்துதான் ஓட்டக் கற்றுக்கொள்வார். ஆகவே, ஒரு தவறுக்கு என்ன விலை, அதே தவறை அதே நாளில் எத்தனை முறை திருத்திப் பார்க்கலாம் என்னும் இரண்டு கேள்விகளையும் வைத்தே இந்த நான்கு வழிகளையும் எடைபோடுகிறேன்.

கார்ட் என்பது கூரையற்ற, தாழ்வான சிறு பந்தய வண்டி. வாடகைக் கார்ட்டைப் பலர் சிறுவர் விளையாட்டு என்று ஒதுக்குகிறார்கள். அது பெரும் இழப்பு. பல வாடகைத் தடங்களில் ஓடுபவை ஹோண்டா ஜிஎக்ஸ்200 போன்ற, 196 சி.சி. அளவுள்ள எளிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள். விசை குறைவாக இருப்பதே இங்கு ஆசிரியர்: வளைவில் தொலைத்த வேகத்தை நேர்ப்பாதையில் எஞ்சின் மீட்டுத் தராது என்பதால், பிரேக்கைச் சற்று அதிகமாக மிதித்தாலும் ஸ்டீயரிங்கைச் சற்று அதிகமாகத் திருப்பினாலும் அந்தச் சுற்றின் நேரத்திலேயே தெரிந்துவிடும். இரு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் கார்ட்டில் இல்லை. பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் ஒரே வேகத்தில் சுழல்கின்றன. அதனால் வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையிலிருந்து சற்றே எழும்பினால்தான் வண்டி தடையின்றித் திரும்பும். முன்சக்கரங்களின் சாய்வு அமைப்பு, ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது அந்த எழும்பலை உண்டாக்குகிறது. எடை எந்தச் சக்கரத்திலிருந்து எந்தச் சக்கரத்துக்கு மாறுகிறது என்பதை உடம்பால் உணர்வதற்கு இதைவிட மலிவான பள்ளி எனக்குத் தெரியவில்லை. பத்து நிமிட அமர்வில் பத்து முதல் இருபது சுற்றுகள் வரை கிடைக்கும்; ஒரே வளைவை இருபது விதமாக முயன்று பார்க்கலாம். தடுப்பில் உரசினாலும் பழுதுச் செலவைப் பெரும்பாலும் தடத்துக்காரரே ஏற்பார். இருப்பினும் ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்த பிறகே கையெழுத்திட வேண்டும்.

குறைகளும் உண்டு. ஒரு கார்ட்டைப் போல மற்றொன்று இராது. எனவே அடுத்தவரின் நேரத்தோடு ஒப்பிடுவதைவிட, ஒரே வண்டியில் தனது வேகமான சுற்றுக்கும் மெதுவான சுற்றுக்கும் உள்ள இடைவெளி குறைகிறதா என்று பார்ப்பதே பயன் தரும். சஸ்பென்ஷன் இல்லாததால் விலா எலும்புகள் அடி வாங்கும். தொடர்ந்து ஓட்டுபவர் விலாக் கவசம் வாங்கிக்கொள்வது நல்லது. கியர் மாற்றும் பழக்கம் இதில் வராது. சொந்தக் கார்ட் வாங்கும் ஆசை விரைவில் தலைதூக்கும். படிக்கும் காலத்தில் அதை அடக்குங்கள் என்பேன். இரண்டு ஸ்ட்ரோக் பந்தய எஞ்சினை ஓடிய மணிக்கணக்குப்படி பிரித்துச் செப்பனிட வேண்டும். டயர், வண்டியை ஏற்றிச் செல்லும் டிரெய்லர், நிறுத்தி வைக்கும் இடம் என்று செலவு வளர்ந்துகொண்டே போகும். வாங்கியே ஆக வேண்டுமென்றால், பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எல்ஓ206 போல, தொழிற்சாலையிலேயே முத்திரையிட்ட எஞ்சின்கள் மட்டும் போட்டியிடும் பிரிவைத் தேடுங்கள். அங்கே பணத்தைக் கொட்டி எஞ்சினை மெருகேற்ற வழியில்லை.

ஆட்டோகிராஸ் என்பது விரிந்த தளத்தில் கூம்புகளை அடுக்கித் தடம் அமைத்து, வண்டிகளைத் தனித்தனியே ஓடவிட்டு நேரத்தை அளக்கும் போட்டி. நல்ல நிலையிலுள்ள சாதாரணக் காரே போதும். இங்கே தவறின் விலை, சாய்ந்த கூம்புக்காக நேரத்தில் சேர்க்கப்படும் சில வினாடிகள்தான். ஆனால் ஓர் ஓட்டம் ஒரு நிமிடம் அளவே நீடிக்கும்; நாளுக்கு நான்கு முதல் ஆறு ஓட்டங்கள்; மீதிப் பொழுதில் மற்றவர் சாய்த்த கூம்புகளை நிமிர்த்தி வைக்க வேண்டும். திருத்திப் பார்க்கும் வாய்ப்பு என்ற அளவில் கார்ட்டுக்கு இது ஈடாகாது. ஓட்டத்துக்கு முன் தடத்தை நடந்து பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளும் பயிற்சியும், கண்ணை எப்போதும் அடுத்த திருப்பத்துக்கு அனுப்பும் பழக்கமும் இதன் தனிக்கொடை.

சொந்தக் காரை முழுத் தடத்துக்குக் கொண்டுசெல்லும் ட்ராக் டேயில்தான் மாணவர் பணம் கரைகிறது. 20 நிமிட அமர்வுகள் நான்கைந்து கிடைப்பதால் ஓட்டும் நேரம் தாராளம். புதியவருடன் பயிற்றுநர் அமரும் நாளாகவும் இருந்தால் கற்றலும் மிகுதி. ஆனால் 1,200 கிலோ எடையுள்ள காரை 160 கி.மீ. வேகத்திலிருந்து 60 கி.மீ. வேகத்துக்கு ஒரு முறை குறைத்தால், ஏறக்குறைய 10 லட்சம் ஜூல் ஆற்றலை பிரேக் வெப்பமாக விழுங்க வேண்டும். ஆட்டோகிராஸில் 80-லிருந்து 40-க்குக் குறைப்பதைப் போல இது நான்கரை மடங்கு. அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் பல முறை. டாட் 4 தரத்துப் புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிவிட்டால் அது 155 டிகிரி வரைகூட இறங்கலாம். என் முதல் ட்ராக் டேயில் பழைய ஆயிலோடு சென்றேன். மூன்றாம் அமர்வில் ஆயில் கொதித்துக் குமிழி விட்டதால் பிரேக் பெடல் பஞ்சுபோலத் தாழ்ந்தது. வண்டி நின்றது, ஆனால் அந்தத் திகில் இன்னும் நினைவில் இருக்கிறது. புதிய பிரேக் ஆயிலும் தடிமன் குறையாத பேடுகளும் இல்லாமல் யாரும் தடத்துக்குப் போகக் கூடாது.

இதைவிட முக்கியமானது காப்பீடு. சாலைக் காப்பீட்டுப் பத்திரங்கள் பல, தடத்தில் நேரும் சேதத்தை வெளிப்படையாகவே விலக்குகின்றன. இரும்புத் தடுப்பைச் சேதப்படுத்தினால் அதற்கும் பணம் கேட்கும் தடங்கள் உண்டு. திங்கட்கிழமை வகுப்புக்குப் போக அதே கார்தான் வேண்டும் என்றால், அந்தக் கார் தடத்துக்கு உரியது அன்று. சில நண்பர்கள் சேர்ந்து பழைய, எடை குறைந்த, விசை அளவான காரை, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற ஒன்றை, வாங்கிப் பகிர்ந்துகொள்வது பொருந்தும். எடை குறைந்தால் டயரும் பேடும் நீடிக்கும். அதை உடைத்தவர் எவ்வளவு தர வேண்டும் என்பதை வாங்கும் நாளிலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

கணினித் திரையைப் பார்த்து ஓட்டும் சிமுலேட்டரில் தவறின் விலை பூஜ்யம். திருத்தத்துக்கு எல்லையே இல்லை. லேசர் கொண்டு அளந்து உருவாக்கிய தடங்களில் பிரேக் இடும் இடங்களையும் வளைவுகளின் வரிசையையும் முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிடலாம். வீடியோ விளையாட்டு வீரர்களிலிருந்து பந்தய ஓட்டுநரைத் தேடிய ஜிடி அகாடமி போட்டியில் 2011-இல் வென்ற ஜான் மார்டன்பரோ 2013-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஓட்டினார். எனினும் அந்த வெற்றிக்கும் அந்தப் பந்தயத்துக்கும் நடுவே உண்மையான கார்களில் பெற்ற தீவிரப் பயிற்சியை மறந்துவிட்டு, திரையே போதும் என்று நம்பக் கூடாது. இருக்கை வழியாக உடம்புக்கு வரும் செய்தி திரையில் வராது, அச்சமும் வராது. வாங்குவதானால் விலையுயர்ந்த ஸ்டீயரிங்கைவிட, காலின் அழுத்தத்தை அளக்கும் நல்ல பிரேக் பெடலுக்குப் பணம் ஒதுக்குங்கள்.

என் பரிந்துரை இந்த வரிசையில் செல்லும்: ஆறு மாதம் வாடகைக் கார்ட், இடையிடையே சிமுலேட்டர், பிறகு ஆட்டோகிராஸ், கடைசியாகப் பயிற்றுநருடன் ஒரே ஒரு ட்ராக் டே. தொடக்கத்தில் ஹெல்மெட்டை இரவல் வாங்கலாம். சொந்தமாக வாங்கும்போது ஹெல்மெட்டுகளைச் சோதித்துச் சான்றளிக்கும் ஸ்னெல் அமைப்பின், கார் பந்தயத்துக்குரிய எஸ்ஏ தரத்தில் வாங்குங்கள். மோட்டார் சைக்கிளுக்குரிய எம் தரத்தில் இல்லாத தீத்தடுப்புச் சோதனை அதில் உண்டு.

கையில் ஒன்றுமே இல்லாத மாதத்தில் பந்தய நாளன்று கொடி காட்டும் தன்னார்வலராகப் பதிவு செய்யுங்கள். பயிற்சி தந்து வளைவின் ஓரத்திலேயே நிறுத்துவார்கள். மஞ்சள் கொடி எதற்கு, நீலக் கொடி எதற்கு என்பது மனத்தில் பதிவதோடு, ஒரே வளைவுக்கு முப்பது ஓட்டுநர்கள் எங்கெங்கே பிரேக்கை மிதிக்கிறார்கள் என்பதையும் நாள் முழுவதும் காதால் கேட்கலாம்.