பால் குளியல் படம்: பாக்கெட் பாலா, பால் பவுடரா?

மகள் சாயாமல் உட்காரப் பழகியதும் அவளுக்குப் பால் குளியல் படம் எடுத்தோம். பால் கலந்த தொட்டித் தண்ணீரில் பூ மிதக்கவிட்டு, குழந்தையை உட்காரவைத்து எடுக்கும் போட்டோதான் அது. ஸ்டுடியோவா வீடா என்பதில் குழப்பமே இல்லை. தூங்கி எழுந்து வயிறு நிறைந்திருக்கும் கொஞ்ச நேரம்தான் அவள் சிரிப்பாள். அதைப் பார்த்து ஸ்டுடியோவில் நேரம் குறித்து வைக்க முடியுமா? தொட்டியில் எதைக் கலப்பது என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி. அத்தை பாக்கெட் பால் பக்கம், நான் பவுடர் பக்கம்.

படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பாக்கெட் என்றால் 6% கொழுப்புள்ள ஆவின் ஆரஞ்சு நல்லது. பவுடர் என்றால் முழுக் கொழுப்புள்ளது. கொழுப்பு நீக்கிய பவுடரில் வெண்மை கொஞ்சம் நீலம் பாய்ந்து வெளிறும். இரண்டு லிட்டர் பாலுக்குச் சுமார் கால் கிலோ பவுடர் ஈடு. பாக்கெட் பாலுக்காக ஒன்று சொல்லலாம், எந்தத் தெருக்கடையிலும் கிடைக்கும், மீந்தால் காபிக்கு ஆகும். கறந்த பால் மட்டும் வேண்டாம். குழந்தை எப்படியும் ஒரு வாய் குடித்துவிடும், காய்ச்சாத பாலில் கிருமி இருக்கும்.

நான் பவுடர் பக்கம் போனதற்குக் காரணம் சூடு. குழந்தைக்குத் தண்ணீர் 37, 38 டிகிரி இருந்தால் இதம். தொட்டியில் 15 லிட்டர் தண்ணீர் 38 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த, 5 டிகிரி பால் இரண்டு லிட்டரை அதில் ஊற்றினால் மொத்தமும் 34 டிகிரிக்கு இறங்கிவிடும். கையை விட்டுப் பார்க்கும் நமக்கு அது வெதுவெதுப்புதான். ஈர உடம்போடு அசையாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு அது குளிர். உதடு பிதுங்கும், அழுகை வரும், அதோடு படம் முடிந்தது.

"காய்ச்சி ஊற்றினால் போச்சு" என்றார் அத்தை. ஊற்றலாம்தான். ஆனால் காய்ச்சி ஆறிய பாலில் ஆடை கட்டும். வடிகட்டாமல் ஊற்றினால் அது திட்டுத்திட்டாக மிதந்து குழந்தையின் மார்பில் ஒட்டும், படத்திலும் தெரியும். கொதிக்க விடாமல் இளஞ்சூடாக்கினால் ஆடை வராது, அதற்கு ஒருவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டும். பவுடருக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஒரு பாத்திரத்தில் வெந்நீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, அதையே தொட்டியில் விளாவிவிடலாம். நடுவில் தண்ணீர் ஆறினால் பிளாஸ்கில் இருக்கும் வெந்நீரைச் சேர்த்துக்கொள்ளலாம், குழந்தையை வெளியே தூக்கிய பிறகுதான். கலந்துவிட்டு முழங்கையால் பார்த்து, அப்புறம் உட்கார வையுங்கள்.

பவுடர் வாங்கும்போது டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். டீக்கென்று விற்கும் சில பவுடர்களில் சர்க்கரை சேர்த்திருப்பார்கள். உடம்பு பிசுபிசுக்கும், எறும்பும் வரும்.

எதைக் கலந்தாலும் ஒரு ஆபத்து பொது. வெள்ளைத் தண்ணீரில் அடி தெரியாது. தொட்டியின் அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள், தண்ணீர் இடுப்பளவைத் தாண்ட வேண்டாம். படம் எடுப்பவர் வேறு, கை நீட்டினால் பிடிக்கும் தூரத்தில் இருப்பவர் வேறு. ஒரே ஆள் இரண்டையும் பார்க்க முடியாது. பூவுக்கு நன்றாக அலசிய பன்னீர் ரோஜா இதழ் போதும், வாய்க்குப் போகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அரளி விஷம், கிட்டவே கூடாது. எலுமிச்சைத் துண்டு போட்டுச் சிலர் எடுக்கிறார்கள். அந்தச் சாறு தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் கொப்புளம் வரலாம், மொட்டைமாடியில் எடுப்பவர்கள் யோசியுங்கள். வெளிச்சத்துக்கு ஜன்னலோரமே போதும்.

முடிந்ததும் பால் கலக்காத இளஞ்சூட்டுத் தண்ணீரில் கழுத்து மடிப்பு, தொடை மடிப்பு விடாமல் கழுவ வேண்டும். பவுடருக்கும் பாலுக்கும் இதில் பேதமில்லை.

ஃப்ரீசரில் நாள் கடந்த தாய்ப்பால் சேர்ந்திருந்தால் அதையும் தொட்டியில் விடலாம், சில அம்மாக்கள் செய்கிறார்கள். என்னிடம் அவ்வளவு சேர்ந்ததில்லை, தொட்டி வெளுக்குமா என்று சொல்லத் தெரியவில்லை.

பால் அலர்ஜி உள்ள குழந்தைக்கு இந்த இரண்டு கட்சியும் ஆகாது, பவுடரிலும் அதே பால் புரதம்தான். அக்கா மகனுக்கு அலர்ஜி என்பதால் தேங்காய்ப்பாலில் எடுத்தார்கள், நான் கூட இருந்து பார்த்தேன். வெண்மை அருமையாக வந்தது. ஆனால் எண்ணெய் மிதந்து தொட்டி வழுக்கியது, அக்கா கையை எடுக்கவே இல்லை. அந்த வீட்டு நிலைமை உங்களுக்கும் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முந்தின நாளே குழந்தையின் கையில் ஒரு சொட்டுத் தேங்காய்ப்பால் தடவிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.