தெற்கே பார்த்து வைத்த வானொலிப் பெட்டி

என் தந்தையார் வேதாரண்யத்தை அடுத்த அகத்தியன்பள்ளி உப்பளத்தில் கணக்கெழுதி வந்தார். 1974 தீபாவளிக்கு முந்தைய வாரம் அவர் ஒரு டிரான்சிஸ்டரை வாங்கி வந்து திண்ணை மாடத்தில் வைத்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அதில் நாங்கள் மிகுதியாகக் கேட்டது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தமிழ் வர்த்தக சேவையைத்தான். நாள் தவறாமல் கேட்ட நேயர் என்ற முறையில் அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் ஒலித்தெளிவு. வேதாரண்யத்திலிருந்து பார்த்தால் கொழும்பு ஏறக்குறைய நேர் தெற்கு. திருச்சி மேற்கே இருக்கிறது. மத்திய அலையை வாங்குவது பெட்டிக்குள் படுக்கைவாட்டில் இருக்கும் ஃபெரைட் கம்பி. அதன் பக்கவாட்டு நிலையத்தை நோக்கியிருந்தால் ஒலி பெருகும், முனை நோக்கியிருந்தால் தேய்ந்துவிடும். ஆகவே முகப்பைத் தெற்கே பார்க்க வைத்தால் கொழும்பு கணீரென்று கேட்கும். கால் வட்டம் திருப்பினால் திருச்சி வரும். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் மத்திய அலை தரையைவிடக் கடல்மேல் வெகுதூரம் வலுக்குறையாமல் செல்கிறது. பாக் நீரிணையை ஒட்டிய எங்கள் ஊர்களில் நண்பகலிலும் இலங்கை தெளிவாகக் கேட்டதற்கு இதுவே காரணம்.

இந்த வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரின்போது நேச நாட்டுப் படைகள் இலங்கையில் நிறுவிய வலுவான சிற்றலை ஒலிபரப்பி அந்நாட்டு அரசின் கைக்கு வந்திருந்தது. கொழும்புத் திட்டம் என்ற பன்னாட்டு உதவித் திட்டத்தின்கீழ் வந்த ஆஸ்திரேலியரான கிளிஃபோர்ட் டாட் சேவையை வளர்த்தெடுத்தார். 1952இல் இந்தியாவின் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் காலத்தில் அகில இந்திய வானொலியிலிருந்து திரைப்பாடல்கள் மறைந்தபோது, பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் இலங்கைப் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். 1957இல் அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித பாரதி வந்தது. அதில் விளம்பரங்கள் இடம்பெற்றதோ 1967இல்தான். அதற்குள் கொழும்பு எங்கள் பக்கத்து வீடுகளில் வேரூன்றிவிட்டது.

என்னை அச்சேவையோடு கட்டிப்போட்டது பாடல்களைவிட அறிவிப்பாளர்களின் தமிழ்தான். லகர, ளகர, ழகரம் மூன்றையும் பிரித்து ஒலிப்பதை நான் பள்ளியில் கற்கவில்லை. ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலைக் கேட்டுக் கற்றேன். பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ ஒலிக்கும்போது எங்கள் திண்ணையிலும் ஒரு போட்டி நடக்கும். அவர் தரும் எழுத்துக்கு அங்கிருப்பவர் பாடுவதற்குமுன் என் அத்தை பாடிவிடுவார். கே.எஸ். ராஜா மூச்சுவிடாத வேகத்தில் பேசினாலும் ஒரு சொல்கூடச் சிதையாது. பல்பொடி, தலைவலித் தைலம், துணிக்கடை என எந்த விளம்பரமானாலும் எழுதிக் கொடுத்ததை ஒப்பிப்பதாகத் தோன்றாமல், நேயரை மதித்துப் பேசுவதாகவே எனக்குப் பட்டது. வர்த்தக ஒலிபரப்பு என்றால் தரம் தாழ்ந்துதான் இருக்கும் என்று சொல்பவர்களை நான் இன்றும் ஏற்பதில்லை.

குறை இல்லாமல் இல்லை. பொழுது சாய்ந்ததும் ஒலி பெருகுவதும் அடங்குவதுமாக ஆடும். தரையோடு வரும் அலையும் வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதால் வரும் அலைத்தேய்வு அது. நாடகத்தில் முடிச்சு அவிழும் இடத்தில் குரல் அமிழ்ந்துபோன இரவுகள் பல. பேட்டரி செலவும் சிறிதன்று. வலுவிழந்த கட்டைகளைத் தந்தையார் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து, மாலையில் மீண்டும் போடுவார். அரைமணி நேரம் தாங்கும்.

அதே பெட்டி வயலுக்கும் உதவியது. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளால் பரவிய ஆடுதுறை 27 நெல்லைத் தஞ்சை வட்டாரத்தில் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தார்கள். அதனால் திருச்சிக்குத் திருப்ப எங்கள் தாத்தா கேட்டால் யாரும் மறுப்பதில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் பெட்டி மறுபடி தெற்கே திரும்பிவிடும்.

இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக 1983இல் நடந்த கலவரத்துக்குப் பிறகு கேட்பதில் பழைய மகிழ்ச்சி இல்லை. பாட்டுக்கு நடுவிலும் அக்கரையில் இருப்பவர்கள் என்ன ஆனார்களோ என்ற கவலை இருந்தது. 1989இல் கே.எஸ். ராஜா கொல்லப்பட்டார் என்று அறிந்த அன்று தந்தையார் பெட்டியைத் திறக்கவே இல்லை. தொண்ணூறுகளில் தொலைக்காட்சி வந்தது, பின்னர் திருச்சியில் தனியார் பண்பலைகள் வந்தன. எங்கள் வீட்டில் மத்திய அலையைத் தேடுவது குறைந்தது.

அந்தச் சேவையை இப்போது ‘தென்றல்’ என்ற பெயரில் கைப்பேசியில் இணையம் வழியாகக் கேட்கிறேன். அலைத்தேய்வு இல்லை, பேட்டரியைக் காயவைக்கும் வேலை இல்லை. ஆனாலும் கேட்க உட்காரும்போது நாற்காலியைத் தெற்கு நோக்கியே போட்டுக்கொள்கிறேன்.