கனடா பி.ஆர். கார்டு காலாவதி ஆகிவிட்டதா? ஏஜென்டிடம் கையெழுத்துப் போடும் முன் ஃபார்ம் நம்பரைப் பாருங்கள்

பெரம்பூரில் ஒரு இமிகிரேஷன் ஆபீஸில் 1,60,000 ரூபாய் கட்டி, என்னுடைய கனடா பி.ஆரையும் (அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை) என் மனைவியுடைய பி.ஆரையும் எங்கள் கையெழுத்தாலேயே தொலைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறோம். போனதைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று சொன்னவன்தான் இருந்ததையும் எழுதிக் கொடுக்க வைத்தான். ஆபீஸ் பெயரைப் போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, போடாதே என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் செய்த விதத்தைச் சொல்லலாம், அதைத் தெரிந்துகொண்டால் போதும், எந்த ஊரில் எந்த மாடியில் இருந்தாலும் இந்த ஆட்களை அடையாளம் தெரிந்துவிடும்.

எங்கள் கதை சுருக்கமாக. 2013 ஜூனில் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் போய் இறங்கினோம். 2015இல் மகள் அங்கே பிறந்தாள். 2016 நவம்பரில் அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது என்று தண்டையார்பேட்டையிலிருந்து போன் வர, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள்தான். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், நான் ஒரே பையன். நடுவில் கொரோனா. 2021இல் அப்பா போனார், அதற்குள் அம்மாவுக்கு நினைவு தப்ப ஆரம்பித்திருந்தது, 2024 தொடக்கத்தில் அம்மாவும் போனார். கார்டு 2018லேயே முடிந்துவிட்டது. எல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு 44 வயது, மகள் ஒன்பது வயது கனடா சிட்டிசன், நாங்கள் இரண்டு பேரும் என்ன என்றே எங்களுக்குத் தெரியவில்லை.

அந்தத் தெரியாமையைத்தான் அவன் விலைக்கு விற்றான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சொந்தக்காரர் சொல்லி அந்த ஆபீஸுக்குப் போனோம். கீழே ஜெராக்ஸ் கடை, குறுகலான படி, மேலே ஏசி, சுவரில் பெரிய மேப்பிள் இலை, டொரன்டோ கோபுரத்தின் படம். மேஜை மேல் வெள்ளிப் பிள்ளையார். ஏஜென்டுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், நன்றாகப் பேசினான். கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது மாதிரி பிதுக்கி, "சார், கார்டு எக்ஸ்பயர் ஆனா பி.ஆர். செத்துப்போச்சுன்னு அர்த்தம். ஆனா உங்க பொண்ணு சிட்டிசன், அதனால நாங்க ரீஆக்டிவேட் பண்ணித் தர்றோம், நூறு சதவீதம்" என்றான். ஆளுக்கு எண்பதாயிரம். 40,000 ஜிபேயில், மிச்சம் ரொக்கமாக. பில் கேட்டதற்கு 'டாக்குமெண்டேஷன் சார்ஜ்' என்று ஒரு துண்டுச் சீட்டு.

அவன் சொன்ன இரண்டு வாக்கியமும் பொய். இதை நான் காசு கட்டிய பிறகு தெரிந்துகொண்டேன், நீங்கள் இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள். கார்டு என்பது வெறும் அட்டை, அது காலாவதியானால் அந்தஸ்து தானாகப் போகாது. ஐந்து வருஷத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும் என்பது விதி. அதை நீங்கள் மீறியிருந்தாலும் ஓர் அதிகாரி பார்த்து முறையாகத் தீர்மானித்து, அதற்கான அப்பீலும் முடிகிறவரை நீங்கள் பி.ஆர்.தான். அப்புறம், மகள் சிட்டிசன் என்பதால் நாட்கணக்கில் ஒரு நாள்கூடச் சேராது. சிட்டிசனான கணவனோடோ மனைவியோடோ வெளிநாட்டில் சேர்ந்து இருந்தால் அந்த நாட்கள் கணக்கில் வரும், குழந்தை சிட்டிசனாக இருந்து பெற்றோர் பி.ஆர். என்றால் வராது. ஏஜென்டுகள் எல்லாரும் இந்த இடத்தில்தான் குழப்புகிறார்கள்.

எங்களைப் போல நாட்கணக்கு பூஜ்யமாகிப் போனவர்களுக்கும் ஒரு வழி இருந்தது. வெளியிலிருந்து பி.ஆர்.டி.டி. என்கிற பயண ஆவணத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஃபார்ம் ஐ.எம்.எம். 5524, ஆளுக்கு 50 டாலர், நம் காசில் மூவாயிரம் சொச்சம். கூடவே ஏன் வர முடியவில்லை என்று மனிதாபிமானக் காரணங்களை எழுதி ஆதாரம் வைக்க வேண்டும். குழந்தையின் நலனையும் அதிகாரி பார்த்தாக வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. மறுத்தால் 60 நாளுக்குள் அங்குள்ள குடிவரவு அப்பீல் பிரிவுக்குப் போகலாம். எங்களுக்குக் கிடைத்திருக்கும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், ஏழெட்டு வருஷம் என்பது பெரிய இடைவெளி. ஆனால் கேட்டுப் பார்க்கும் உரிமை எங்களுடையதாக இருந்தது.

இப்போது யோசித்தால் முதல் நாளே எனக்குத் தட்டியிருக்க வேண்டும். அப்பாவின் டயாலிசிஸ் சீட்டுகள் ஐந்து வருஷத்துக்கு ஒரு மஞ்சப்பை நிறைய இருந்தது, தேதிவாரியாக ரப்பர் பேண்டு போட்டு அம்மாவே கட்டி வைத்தது. அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டுதான் அவன் எதிரில் உட்கார்ந்திருந்தேன். "இதெல்லாம் வேணாம் சார், எம்பஸில பேப்பர் அதிகமா வெச்சா கடுப்பாவாங்க" என்றான். ஏன் இத்தனை வருஷம் வரவில்லை என்பதுதான் கேஸே என்கிறபோது அதற்கான ஒரு பேப்பரைக்கூடக் கேட்காதவன் என்ன கேஸ் போடப் போகிறான்? எங்கள் தாத்தா 1964இல் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து வியாசர்பாடியில் குடியேறியவர், அந்தக் கப்பல் காகிதத்தைச் சாகிறவரை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். அந்த வீட்டுப் பையன் நான், படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

கையெழுத்து எப்படி வாங்கினான் என்றால், சாயங்காலம் ஏழு மணி, கரண்ட் வேறு போய் போய் வந்துகொண்டிருந்தது, பதினைந்து இருபது தாளை அடுக்கி ஒவ்வொன்றிலும் கையெழுத்து இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. சில ஃபார்மில் கடைசிப் பக்கம் மட்டும்தான் இருந்தது. மனைவிதான், "எதுக்குங்க இத்தனை கையெழுத்து, முன்பக்கம் எங்க?" என்று கேட்டாள். "மேடம், அது சிஸ்டம்ல இருக்கு" என்றான். நான் அவளைப் பார்த்து சும்மா இரு என்று கண்ணைக் காட்டினேன். அந்தக் கண் ஜாடைக்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொள்கிறேன், நியாயம்தான். எங்கள் பெயரில் ஜிமெயில் அக்கவுன்ட் அவனே திறந்தான், பாஸ்வேர்டு அவனிடமே. விண்ணப்பத்தில் பிரதிநிதி என்று அவன் பெயர் எங்குமே இல்லை, நாங்களே போட்டதாகத்தான் போயிருக்கிறது.

பயோமெட்ரிக் கொடுத்தோம், பாஸ்போர்ட் அனுப்பினோம், நவம்பரில் ஸ்டிக்கரோடு திரும்பி வந்தது. மைசூர்பா வாங்கிக்கொண்டு போய் அவனுக்குக் கொடுத்தேன். ஆமாம், கொடுத்தேன். ஸ்டிக்கரில் மல்டிபிள் என்று இருந்ததைக் காட்டி, "எத்தனை வாட்டி வேணா போலாம் வரலாம் சார், ரினியூவல்னா இதான்" என்றான்.

டிக்கெட் போடுவதற்கு முன் ஸ்கார்பரோவில் இருக்கும் அத்தை மகனுக்கு அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பத்து நிமிஷம் ப்ளூ டிக் மட்டும். அப்புறம் போன் செய்து, "மச்சான், இது வி-1டா. விசிட்டர் விசா. பி.ஆரா இருக்கறவனுக்கு விசிட்டர் விசாவே தரமாட்டான், நீ என்னத்த எழுதிக் குடுத்த?" என்றான்.

என்னத்த எழுதிக் கொடுத்தேன் என்று தெரிந்துகொள்ள நான் ஒரு சம்மதப் படிவம் அனுப்பி, அத்தை மகன் அங்கிருந்து 5 டாலர் கட்டி எங்கள் ஃபைல் குறிப்புகளைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. வந்தது. ஐ.எம்.எம். 5782. நிரந்தர வசிப்புரிமையைத் தானாக முன்வந்து துறக்கும் விண்ணப்பம். இரண்டு பேருடையதும். ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன கடிதம் அந்த ஜிமெயிலுக்குப் போயிருக்கிறது. ஏஜென்ட் முதலில் பி.ஆரைத் துறக்க வைத்து, பிறகு 100 டாலர் ஃபீஸும் 85 டாலர் பயோமெட்ரிக்கும் கட்டி விசிட்டர் விசா போட்டிருக்கிறான். அவனுக்கு இதுதான் சுலபம்: காரணம் எழுத வேண்டாம், ஆதாரம் சேர்க்க வேண்டாம், கையில் ஸ்டிக்கர் வந்துவிடும், கிளையண்ட் மைசூர்பாவோடு வருவான். பி.ஆர்.டி.டி. மறுக்கப்பட்டிருந்தால் அப்பீலுக்குப் போயிருக்கலாம். தானாகத் துறந்தவனுக்கு அந்த அப்பீல் கிடையாது.

இப்போது திரும்பப் போக வேண்டுமென்றால் முதலிலிருந்து. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது மதிப்பெண் பார்த்து பி.ஆர். தரும் முறையில், 45 வயது ஆனால் வயதுக்கான மதிப்பெண் பூஜ்யம், எனக்கு ஆகிவிட்டது. மகள் ஸ்பான்சர் செய்யலாமே என்று எல்லாரும் கேட்கிறார்கள். அவளுக்கு 18 ஆக 2033 வரும், அதற்கப்புறம் சம்பளம் காட்ட வேண்டும். அவள் எப்போது வேண்டுமானாலும் போய் அங்கேயே இருக்கலாம், நாங்கள் கூடப் போனால் வழக்கமாக ஆறு மாதம்.

எல்லாவற்றையும் அவன் தலையிலேயே போட மாட்டேன். 2017 அக்டோபரில் குடியுரிமைச் சட்டம் மாறி, ஐந்து வருஷத்தில் 1,095 நாள் போதும் என்று ஆனது. அன்றைக்கு என் கணக்கில் 1,250 நாளுக்குக் கிட்ட இருந்தது. அப்போதே ஒரு எட்டு போய் விண்ணப்பம் போட்டிருக்கலாம். செய்தி படித்தேன், அப்பா தேறட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆபீஸுக்குப் போய்க் கேட்டபோது அவன் கத்தவில்லை, அதுதான் எரிச்சல். டீ சொன்னான். "நீங்கதான சார் சைன் பண்ணீங்க" என்றான். தொகையில் 20,000 திருப்பித் தருகிறேன், எழுதிக் கொடுங்கள் என்று இன்னொரு பேப்பரை நீட்டினான். பென்சிலில் பெருக்கல் குறி போட்டு ரெடியாக இருந்தது!

வேப்பேரி கமிஷனர் ஆபீஸில் புகார் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். மோசடி இப்போது 420 இல்லை, புதிய சட்டத்தில் 318. பெரம்பூர் வாயில் அவன் 420தான். சென்னை வடக்கு நுகர்வோர் ஆணையத்திலும் போடுகிறோம், கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ரொக்கமாகக் கொடுத்த 1,20,000க்கு அந்தத் துண்டுச் சீட்டைத் தவிர ஒன்றுமில்லை, ஜிபேயில் போன 40,000தான் இன்று எனக்குச் சாட்சி. அதனால் யாரிடம் போனாலும் ரொக்கம் கொடுக்காதீர்கள். கனடா விண்ணப்பத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல அங்குள்ள வக்கீலாகவோ, குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் (பெயர்தான் கல்லூரி, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு) பதிவு செய்தவராகவோ இருக்க வேண்டும். கல்லூரியின் பதிவேடு இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி இருக்கிறது, பெயரை அடித்தால் இரண்டு நிமிஷம். இவன் பெயர் அதில் இல்லை. நான் தேடிப் பார்த்தது மைசூர்பாவுக்கு அப்புறம்.

போன வியாழக்கிழமை அந்தப் பக்கமாகப் போனேன். ஆபீஸ் திறந்துதான் இருக்கிறது. ஒரு தம்பதி கையில் ஃபைலோடு படியேறிக்கொண்டிருந்தார்கள், நிறுத்திச் சொன்னேன். அந்த அம்மா நின்றார், அவர் கணவர் "நீங்க யாரு சார்?" என்று கேட்டுவிட்டு மேலே போய்விட்டார். அதனால்தான் இவ்வளவு நீளமாக இங்கே எழுதுகிறேன். ஏதாவது கனடா ஃபார்மில் கையெழுத்துக் கேட்டால் முதல் பக்கத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். நான் வக்கீல் இல்லை, மற்ற ஃபார்ம் பற்றிப் பெரிதாகத் தெரியாது. 5782ஐ மட்டும் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடுவேன்.