சஸ்காட்செவனில் குளிர்காலக் கோதுமை: எந்த ரகம் பனியைத் தாண்டுகிறது?

கனடாவின் சஸ்காட்செவன் சமவெளியில் குளிர்காலக் கோதுமை பனிக்காலம் முழுக்க மண்ணில் கிடந்து, மறு ஆகஸ்டில் அறுப்புக்கு வருகிறது. குளிர் தாங்கும் குணத்தில் 1977-ல் வெளிவந்த நார்ஸ்டார் ரகத்தை இன்றும் எளிதில் மிஞ்ச முடியாது. நன்றாகக் குளிருக்குப் பழகிய நார்ஸ்டார் செடியின் தூர்க்கணு (வேரும் தூரும் கிளம்பும் அடிக்கணு) சுமார் −24 டிகிரி செல்சியஸ் வரை பிழைக்கும். அதற்காக அதையே விதைக்கலாமா? வேண்டாம். தாள் நெட்டை. தழைச்சத்தைக் (நைட்ரஜன்) கூட்டினால் சாய்கிறது, தண்டுத் துரு நோயும் பிடிக்கிறது. குட்டை ரகமான சிடிசி ஃபால்கன் சாயாது, ஆனால் பனி குறைந்த வருடத்தில் வயலில் திட்டுத்திட்டாகச் சொட்டை விழும். ஏஏசி வைல்ட்ஃபயர் குளிரையும் தாங்கும், மகசூலும் தரும். முதிர்ச்சி மட்டும் தாமதம். ஃபியூசேரியம் பூஞ்சையால் கதிர்நோய் வரும் ஈரப்பகுதி என்றால் எமர்சன் ரகத்தைத்தான் போட வேண்டும்.

ஆனால் எந்த ரகத்தையும் காப்பது பனிதான். வெளியே −35 டிகிரி இருந்தாலும், 10 செ.மீ. பனி மூடியிருந்தால் தூர்க்கணுவுக்கு ஆபத்தில்லை. அந்தப் பனியைப் பிடித்து வைப்பது, முந்தைய பயிரான கனோலாவை (எண்ணெய் வித்துப் பயிர்) அறுத்தபின் உழாமல் உயரமாக விட்ட அரிதாள். பட்டாணி சீக்கிரம் அறுப்பாகும், ஆனால் அதன் அடிக்கட்டையில் பனி நிற்காது. காற்று வாரிக்கொண்டு போய்விடும். ஆகவே கோதுமை விதைப்புக்கு முன்பே அறுப்பாகும்படி, சீக்கிரம் முதிரும் கனோலா ரகத்தையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

ஆகஸ்டு கடைசி முதல் செப்டம்பர் நடுப்பகுதிக்குள், 2.5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் விதைக்க வேண்டும். ஆழம் கூடினால் முளைப்பு தாமதமாகும். மூன்று இலையும் ஒரு தூரும் வருவதற்குள் மண் உறைந்துவிடும். விதையோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்) அவசியம். பக்கத்தில் தானாக முளைத்த கோதுமையை இரண்டு வாரம் முன்பே அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதிலிருக்கும் சிலந்திப்பேன் தேமல் நச்சுயிரியை இளம்பயிருக்குக் கொண்டுவரும்.

வசந்தத்தில் இலை பழுப்பாகக் கிடப்பதைப் பார்த்து உழுதுவிடாதீர்கள். சில செடிகளைப் பிடுங்கி மண்ணைக் கழுவி, வேரையும் இலையையும் ஒட்ட நறுக்குங்கள். ஈரத்தாளில் சுற்றி பிளாஸ்டிக் பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள். ஒரு வாரத்தில் தூர்க்கணுவில் வெள்ளை வேர் வந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. சதுர அடிக்கு எட்டுச் செடி சீராக இருந்தாலே தூர் வெடித்து இடத்தை நிரப்பும். உடனே தழைச்சத்து கொடுங்கள். அதற்கும் குறைந்தால் வசந்தப் பயிருக்கு மாறிவிடுங்கள்.