குட்வுட்: புல் ஓடுபாதைக்காகவே போகலாம்

இங்கிலாந்தில் சிசெஸ்டர் நகரிலிருந்து சுமார் 3 கிலோமீட்டரில் இருக்கிறது குட்வுட் விமானத் தளம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இதன் பெயர் வெஸ்ட்ஹாம்ப்நெட். 1940-இல் பக்கத்திலிருந்த டாங்மியர் விமானப்படைத் தளத்துக்குத் துணையாக முதலில் ஹரிக்கேன் போர் விமானங்களும் பிறகு ஸ்பிட்ஃபயர் போர் விமானங்களும் இங்கிருந்து பறந்தன. 1941 ஆகஸ்ட் 9 அன்று புகழ்பெற்ற போர் விமானி டக்ளஸ் பேடர் இங்கிருந்து கிளம்பித்தான் பிரான்சில் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அவர் சிலையை இங்கே பார்க்கலாம்.

இன்று இது சிறு விமானங்களின் இடம். ஓடுபாதைகள் எல்லாமே புல், ஒவ்வொன்றும் ஒரு திசையில். காற்றைப் பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் நெருக்கமாக அமைந்தவை, பக்கக்காற்று ஆகாது. முடிந்தவரை காற்றுக்கு எதிராக ஓட வேண்டும். இரண்டு பேர் அமரும் ஸ்பிட்ஃபயரில் கட்டணப் பயணம் உண்டு. அது கிளம்பும்போது வேலியோரம் நின்று பாருங்கள். நீண்ட மூக்கு முன்பக்கத்தை மறைப்பதால் விமானி பாம்பு மாதிரி வளைந்து வளைந்தே நகர்த்துவார். தரையில் ரேடியேட்டருக்குக் காற்று போதாது, எஞ்சின் சீக்கிரம் சூடேறும். அதனால் ஓடுபாதைக்குப் போனதும் அதிகம் காத்திருக்க மாட்டார்.

தளத்தைச் சுற்றிய சாலைதான் 1948 செப்டம்பர் 18 முதல் கார் பந்தயப் பாதை, சுமார் 3.8 கிலோமீட்டர். கார்கள் ஓடும் நாளில் ஸ்பிட்ஃபயரின் மெர்லின் எஞ்சின் ஓசை சரியாகக் கேட்காது. அமைதி வேண்டுமென்றால் பந்தய நாட்காட்டியைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

சொந்த விமானத்தில் வருபவர்கள் முன்னனுமதி வாங்க வேண்டும். செப்டம்பரில் ரிவைவல் என்ற பழைய கார்களின் பந்தயம் நடக்கும் நாட்களைத் தவிர்ப்பது நல்லது. மழை பெய்தால் தரை ஊறிவிடும், கிளம்பும் முன் போன் செய்து கேளுங்கள். பிறகு தூரக் கணக்கு: உங்கள் விமானக் கையேட்டில் மேலேற 400 மீட்டர் என்றால் ஈரப்புல்லுக்கு 1.3 மடங்கு, 520. அதன் மேல் பாதுகாப்புக்கு 1.33 மடங்கு, சுமார் 690. இறங்கும்போது இன்னும் கவனம் வேண்டும். ஒட்ட வெட்டிய ஈரப்புல்லில் பிரேக் பிடிக்காமல் வழுக்கும், தூரம் 1.6 மடங்கு வரை நீளும்.

விமானம் ஓட்டும் அறிமுகப் பாடத்துக்கு வருபவர்கள் காலை நேரத்தில் பதிவு செய்யுங்கள். மேகம் தாழ்ந்தால் ரத்தாகும், மாற்று நாள் ஒன்று கையில் இருக்கட்டும். உடல் எடையை மறைக்காமல் சொல்லுங்கள்; எரிபொருள் அளவு அதைப் பொறுத்தது. மெல்லிய அடிப்பாகமுள்ள காலணி போட்டால் பெடல் நன்றாகப் புலப்படும். மேலே போனால் ஒரு பக்கம் சிசெஸ்டர் துறைமுகத்தின் நீர்க்கிளைகள், மறுபக்கம் சவுத் டவுன்ஸ் குன்றுகள்.

போர்க்காலப் பொருட்களை இங்கே எதிர்பார்த்து வராதீர்கள். அதற்கு டாங்மியர் அருங்காட்சியகம் காரில் சில நிமிடத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் மூடும் நாட்களை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.