தைராய்டு மாத்திரை: எடுத்த எடுப்பில் முழு அளவா, கொஞ்சம் கொஞ்சமாகவா?

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், சுரப்பி மந்தமானால் இது ஏறும்) 38, எஃப்டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) குறைவு என்று வந்திருக்கிறது. மாத்திரை போட்டாக வேண்டும், அதில் இரண்டாவது பேச்சில்லை. எத்தனை மைக்ரோகிராமில் தொடங்குவது என்பதில்தான் வேறுபாடு. 32 வயது மகளுக்கு 100 எழுதும் அதே டாக்டர், 70 வயது அம்மாவுக்கு 25தான் எழுதுவார். அம்மாவின் டிஎஸ்எச் மகளுடையதைவிட அதிகமாகவே இருந்தாலும் அப்படித்தான். "எனக்குத்தானே அதிகம், மாத்திரை மட்டும் ஏன் குறைவு?" என்று அம்மா கேட்டால் அது நியாயமான கேள்வி.

முழு அளவின் கணக்கு எளிது. சுரப்பி கிட்டத்தட்ட வேலை செய்யாத ஒருவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ என்றால் 96. கடையில் கிடைப்பது 88, 100 என்பதால் 100 எழுதுவார்கள். இளம் வயது, இதயக் கோளாறு எதுவும் இல்லை என்றால் இப்படி நேராகத் தொடங்குவதில் தயங்க ஒன்றுமில்லை. பரிசோதனை எண்கள் சீக்கிரம் சரியாகும், மாத்திரை அளவை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்காது. கர்ப்பமாக இருப்பவருக்கோ இது விருப்பத் தேர்வே இல்லை. குழந்தையின் மூளை வளர்ச்சி முதல் மாதங்களில் தாயின் ஹார்மோனை நம்பியிருப்பதால், தாமதம் கூடாது.

அப்படியானால் எல்லோருக்கும் முழு அளவே கொடுத்துவிடலாமே? இதயம்தான் காரணம். ஹார்மோன் குறைந்த உடலில் இதயம் மெதுவாகத் துடிக்கிறது, அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் குறைவு. ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தாலும் அந்த மந்த நிலையில் வெளியே தெரியாமல் இருந்துவிடலாம். திடீரென்று முழு அளவு தைராக்ஸின் (மாத்திரையில் இருக்கும் ஹார்மோன், டி4 என்பதும் இதுதான்) உள்ளே போனால் துடிப்பு வேகமும் அழுத்தமும் கூடும். சுருங்கிய குழாயால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. நெஞ்சுவலி, படபடப்பு, ஒழுங்கற்ற துடிப்பு எல்லாம் அங்கிருந்து வரும். அதனால்தான் இதய நோய் உள்ளவர்களுக்கு 12.5 அல்லது 25, வயதானவர்களுக்கு 25 முதல் 50 என்று தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை 12.5 அல்லது 25 கூட்டுகிறார்கள்.

இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2005-ல் நெதர்லாந்திலிருந்து வெளியானது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட 50 பேர், இதயக் கோளாறு அறிகுறி இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு முழு அளவு, மீதிப் பேருக்கு 25-ல் தொடங்கி படிப்படியாக. முழு அளவு எடுத்தவர்களின் எண்கள் சீக்கிரம் சரியாயின, இதயத் தொந்தரவும் வரவில்லை. ஆனால் சோர்வு முதலான அறிகுறிகள் குறைந்த வேகம் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான்! எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் படுவது இதுதான். அம்மா 25-ல் தொடங்குவதால் அவர் நலம் பெறுவது மாதக்கணக்கில் பின்தங்கிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. மறுபக்கம், 50 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. அதை வைத்து ஸ்டென்ட் போட்டவருக்கு 100 கொடுக்க முடியாது.

இடைப்பட்டவர்கள் பாடுதான் சிக்கல். 52 வயது, பத்து வருடமாகச் சர்க்கரை, கொஞ்சம் பிரஷர், நெஞ்சுவலி என்று எதுவும் இல்லை. நம் ஊரில் இப்படிப்பட்டவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். சர்க்கரை நோயாளிக்கு இதய அடைப்பு வலியே இல்லாமல் இருக்கக்கூடும் என்பதால், வலி இல்லை என்பதை மட்டும் நம்பி முழு அளவுக்குப் போவது எனக்குச் சரியாகப் படவில்லை. 50-ல் தொடங்கி ஆறு வாரம் கழித்துக் கூட்டுவதில் இழப்பது கொஞ்சம் நேரம்தான்.

டிஎஸ்எச் 6, 7 என்று லேசாக மட்டும் கூடி, எஃப்டி4 சரியாக இருந்தால் கதை வேறு. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரிடம் நடந்து 2017-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், இந்த நிலையில் மாத்திரை போட்டதால் சோர்வோ மற்ற அறிகுறிகளோ குறையவில்லை. அங்கே எந்த அளவில் தொடங்குவது என்பதற்கு முன்னால், தொடங்கத்தான் வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது, காலையா இரவா? 2010-ல் வந்த இன்னொரு நெதர்லாந்து ஆய்வில், படுக்கும்போது எடுத்தவர்களுக்கு ஹார்மோன் அளவு கொஞ்சம் மேம்பட்டது, உடல்நிலையில் அவர்கள் பெரிய மாற்றம் உணரவில்லை. இரவு என்றால் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஒன்பதரைக்குத் தோசை, பத்தரைக்குத் தூக்கம் என்று ஓடும் வீட்டில் இது நடக்காது. போதாததற்குக் கால்சியம் மாத்திரையும் பலருக்கு இரவுச் சாப்பாட்டோடுதான். கால்சியத்துக்கும் அயர்னுக்கும் தைராய்டு மாத்திரையோடு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆகவே பெரும்பாலோருக்குக் காலைதான் தோது: எழுந்ததும் வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காப்பி. மாத்திரையையும் டிகாஷனையும் ஒன்றாக விழுங்கினால் மருந்து சரியாக உடம்பில் சேராது. அந்த அரை மணி நேரம் காப்பிக்குக் காத்திருப்பது சிலருக்குப் பெரிய தவம், தெரியும். அவர்களுக்கு இரவு ஒத்துவருமா என்று பார்க்கலாம்.

டி3 (டி4-ஐவிட வீரியமான இன்னொரு தைராய்டு ஹார்மோன்) கலந்த மாத்திரையோ விலங்குச் சுரப்பிப் பொடியோ தொடக்கத்தில் வேண்டாம். பொடியில் டி4-க்கு டி3 சுமார் நாலுக்கு ஒன்று, நம் சுரப்பி தருவதைவிட டி3 மிக அதிகம். இதயம் பலவீனமானவருக்கு அது இன்னும் ஆபத்து.

பிராண்டில் தைரோநார்மா எல்ட்ராக்ஸினா என்று மண்டையை உடைக்க வேண்டாம், ஒன்றில் தொடங்கினால் அதிலேயே இருங்கள். கடையில் மாற்றிக் கொடுத்தால் ஆறு வாரம் கழித்து டிஎஸ்எச் பாருங்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். அளவு கூட்டிய சில நாளில் நெஞ்சில் அழுத்தமோ படபடப்போ வந்தால், அந்த ஆறு வாரத்துக்குக் காத்திருக்காமல் அன்றே டாக்டரிடம் போங்கள்.